குடியிருக்கும் வீட்டில் ஒரு துணைத் தொழில்

மத்தூர், போச்சம்பள்ளி வட்டாரத்துச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் இடங்களிலெல்லாம் சமீப காலமாக ஒரே கேள்வியை அங்கத்தினர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். நூல் விலையைப் பற்றியோ, மாங்காய்க்குக் கூழ் ஆலைக்காரர் தரும் விலையைப் பற்றியோ அல்ல அக்கேள்வி. “வீட்டின் பின்கட்டில் நான்கு அறைகள் எழுப்பி வாடகைக்கு விடலாமென்று இருக்கிறோம், சங்கத்தில் கடன் கிடைக்குமா?” என்பதே அது. வேறு சிலர், வெளியூரார் வந்து இரண்டொரு நாள் தங்கி, வீட்டுச் சமையலை உண்டு, பணம் கொடுத்துவிட்டுப் போகும் விருந்தினர் வீடுகளைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதை நம் கிராமங்களிலும் நடத்தலாகுமா என்று வினவுகிறார்கள். இரண்டும் ஒன்றே என்று எண்ணுவோரும் உளர்.

அவை ஒன்றல்ல. தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவருக்கு அறையை மாத வாடகைக்கு விடுவது ஒரு தொழில். பிரயாணியை விருந்தினராக ஏற்று, ஓரிரவுக்கு இவ்வளவு என்று கட்டணம் பெறுவது வேறொரு தொழில். முன்னதில் வேலை குறைவு, ஆனால் முதல் அதிகம். பின்னதில் முதல் குறைவு, ஆனால் வேலை ஓயாது; அவ்வேலையில் பெரும் பங்கு வீட்டுப் பெண்களின் தலையில் விழும். இரண்டில் எதைச் செய்வதாயினும் அடமானத்தில் நிற்கப்போவது குடும்பத்துக்கு உள்ள ஒரே வீடு. ஆகையால் சற்று விரிவாகவே எழுத நேர்கிறது.

முதலில் மாத வாடகை. நம் மாவட்டத்துக்கு இது புதிதன்று. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்து, 1980-ஐ ஒட்டி மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் வந்தபோதே அவ்வூரார் திண்ணையை அடைத்து அறையாக்கக் கற்றுக்கொண்டனர். 1980களின் பிற்பகுதியில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை அங்கே தொடங்கப்பட்டபோது நடந்த ஒன்று குறிப்பிடத் தக்கது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்களைப் பெருவாரியாக வேலைக்கு எடுத்த அந்நிறுவனம், பெற்றோரைப் பிரிந்திராத அப்பிள்ளைகளுக்கென்று ஊருக்குள் வீடுகளை வாடகைக்குப் பிடித்து, வளர்ப்புத் தாய் தந்தையர் போல மூத்தவர்களை அவர்களோடு குடியிருத்தியது. வேலைக்கு வரும் இளம் பிள்ளைகளுக்கு நான்கு சுவர் மட்டும் போதாது, வீட்டில் பெரியவர் ஒருவர் வேண்டும் என்பதை ஒரு தொழில் நிறுவனம் உணர்ந்திருந்தது. வாடகைக்கு விடும் நம் அங்கத்தினர்களில் எத்தனை பேர் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்பது சந்தேகமே.

மத்தூர்ப் பக்கத்துக்கு அந்த அலை பிந்தியே வந்தது. 2020 டிசம்பரில் ஓலா நிறுவனம் தமிழ்நாடு அரசுடன் ரூ. 2,400 கோடி முதலீட்டுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. மறு ஆண்டே போச்சம்பள்ளியில் 500 ஏக்கர் நிலத்தில் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை எழுந்தது. 2021 செப்டம்பரில், முழுவதும் பெண்களைக் கொண்டே அத்தொழிற்சாலையை நடத்தப்போவதாகவும், 10,000 பெண்களுக்கு வேலை கிடைக்கும் என்றும் அந்நிறுவனம் அறிவித்தது. பத்தாயிரம் என்ற எண்ணைச் செய்தித்தாளில் படித்த அன்றே மனத்தில் அஸ்திவாரம் தோண்டியவர்கள் நம்மிடையே இருந்திருப்பார்கள். ஆனால் அறிவிக்கப்படும் எண்ணிக்கை வேறு. சம்பளப் பட்டியலில் ஏறும் எண்ணிக்கை வேறு. அவர்களில் நம் கிராமத்து வீட்டைத் தேடி வருவோர் எண்ணிக்கை அதனினும் வேறு. வேலைக்கு வருவோரில் பலர் சுற்றுப்புற ஊர்களிலிருந்து கம்பெனிப் பேருந்தில் ஏறி இரவே வீடு திரும்பி விடுகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கீழே வரும் தொகைகள் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்டவையே. உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். நான்கு அறைகள் கட்ட ரூ. 10,00,000 கடன் வாங்குகிறோம். வட்டி நூற்றுக்கு 12. வருஷத்துக்கு வட்டி ரூ. 1,20,000, மாதத்துக்கு ரூ. 10,000. அறை ஒன்றுக்கு வாடகை ரூ. 3,000 என்றால் நான்கும் நிரம்பியிருக்கும் மாதத்தில் வரவு ரூ. 12,000. வட்டி போக எஞ்சுவது ரூ. 2,000. அதிலிருந்துதான் முதலைத் தீர்க்க வேண்டும், வீட்டு வரி கட்ட வேண்டும், மோட்டார் பழுது பார்க்க வேண்டும், வெள்ளை அடிக்க வேண்டும். ஓர் அறை காலியானால் வரவு ரூ. 9,000, வட்டிக்கே ரூ. 1,000 கையிலிருந்து போட வேண்டும். இரண்டு காலியானால் என்ன ஆகுமென்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

இனி, கட்டிய வீட்டிலேயே புழங்காமல் கிடக்கும் ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். நம் கிராமங்களில் மகள் கல்யாணமாகிப் போன வீடுகளில் அப்படி ஓர் அறை இருக்கத்தான் செய்கிறது. கழிவறை, மின்கம்பி, கொசுவலை அடித்த ஜன்னல், தரை ஆகியவற்றுக்கு ரூ. 1,00,000 செலவு செய்ததாகக் கொண்டாலும் அதற்கு வட்டி மாதம் ரூ. 1,000. வாடகை அதே ரூ. 3,000. வருஷத்தில் ஆறு மாதம் அறை பூட்டிக் கிடந்தாலும் வரவு ரூ. 18,000, வட்டி ரூ. 12,000. நஷ்டமில்லை. சேமிப்பிலிருந்தே அச்செலவைச் செய்ய முடிந்தவருக்கோ பயமே இல்லை. இருக்கும் அறையிலிருந்து தொடங்குகிறவன் தூங்குவான். கடனில் எழுப்பிய அறையிலிருந்து தொடங்குகிறவன் கம்பெனி வாசலில் ஆள் எடுக்கிறார்களா, அனுப்புகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பான்.

இவ்விடத்தில் போக்கியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லைப்புறமாகிய நம் மாவட்டத்தில் பெங்களூர் வழக்கத்தை ஒட்டி, மாத வாடகைக்குப் பதில் மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ மொத்தமாகப் பெற்றுக்கொண்டு வீட்டை இரண்டு மூன்று வருஷத்துக்கு விட்டுவிடுவோர் பெருகியிருக்கிறார்கள். அப்பணத்தைக் கொண்டு அடுத்த அறையைக் கட்டுகிறார்கள். அதையும் போக்கியத்துக்கு விடுகிறார்கள். வெளிப்பார்வைக்கு வீடு வளர்கிறது. உண்மையில் வளர்வது கடன். போக்கியத் தொகை வருமானமன்று. கெடு முடிந்த நாளில் ஒரே தவணையில், காசு குறையாமல் திருப்பித் தர வேண்டிய கைமாற்று. அடுத்த குடித்தனக்காரர் அதே தொகையுடன் அதே நாளில் வந்து நிற்பார் என்ற நம்பிக்கை ஒன்றே இதற்கு ஆதாரம். அவ்வாறு வாங்கியவர் சங்கத்தில் கடன் மனு கொடுக்கும்போது அத்தொகையைப் பொறுப்புகளின் பட்டியலில் காட்ட வேண்டும். மனுவைப் பரிசீலிக்கும் நிர்வாகக் குழுவினரும் அதைக் கேட்டுப் பெறுவது கடமை. பெரும்பாலும் கேட்பதில்லை.

பெரிய தொழிற்சாலைகளை நம்பி அறை கட்டுவதில் இன்னோர் அபாயமும் உண்டு. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் அருகேயுள்ள கைப்பேசித் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற நேர்ந்தது. அப்பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தார்கள்; தொழிற்சாலையே சில வாரம் மூடிக் கிடந்தது. தங்குமிடம் சரியில்லையென்றால் உற்பத்தியே நின்றுவிடும் என்பதை நாடு அப்போது கண்டது. பிறகு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில், ரூ. 706 கோடிக்கு மேல் செலவில், 18,720 பெண்கள் தங்கக்கூடிய குடியிருப்பைச் சிப்காட் கட்டித் திறந்தது. வேலைக்கு வரும் பெண்களுக்கு அது நல்லதே, அதை வரவேற்கிறோம். ஆனால் நான்கு அறைக்காரருடைய நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரே நாளில் பதினெட்டாயிரம் படுக்கைகள் திறக்கப்படும் உலகில், பத்து வருஷத் தவணைக் கடனில் கட்டிய அறைக்கு யார் பொறுப்பேற்பார்?

வேலைக்குப் போகும் பெண்கள் பலரைச் சேர்த்து விடுதியாக நடத்த விரும்புவோர் வேறொன்றையும் அறிய வேண்டும். மகளிர், சிறார் விடுதிகளை முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 2014-ல் தனிச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. மாவட்ட ஆட்சியரின் உரிமம் இல்லாமல் அத்தகைய விடுதியை நடத்தலாகாது. காப்பாளர், காவல், அறை அளவு, கழிவறை ஆகிய எல்லாவற்றுக்கும் விதியுண்டு. “நாலு பொண்ணுங்கதானே, நம்ம வீட்டுப் பிள்ளைங்க மாதிரி” என்று சொல்லித் தொடங்கி, எண்ணிக்கை பன்னிரண்டாகும்போதும் அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருப்பது சட்டத்தின் முன் செல்லாது.

நெசவாளர் அங்கத்தினர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. வாடகைக்கு விடத் தோதான அறை எது என்று பார்த்தால், பல வீடுகளில் அது தறி நிற்கும் முன்கூடமாகவே இருக்கிறது. தெருவைப் பார்த்த வாசல், காற்று, வெளிச்சம் எல்லாம் அங்கேதான். குழித்தறியைத் தூர்த்துத் தரை போட்டுவிட்டால் மாதம் ரூ. 3,000 நிச்சயம் என்று கணக்குப் போடத் தோன்றும். ஆனால் கைத்தறி நெசவாளருக்கு இரு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் கட்டணமின்றிக் கிடைப்பது, அவ்வீட்டில் தறி ஓடுவதால்தான். (2023 வரை அது 200 யூனிட்டாக இருந்தது.) தறி போனால் அச்சலுகையும் போகும். நெய்தால்தான் கூலி, கூலி இருந்தால்தான் சேமிப்புத் திட்டத்தில் பிடித்தமும் அரசு சேர்க்கும் பங்கும் உண்டு. நெசவு நின்றவர் நெசவாளர் சங்கத்தில் எவ்வளவு நாள் அங்கத்தினராக நீடிக்க முடியும் என்ற கேள்வியும் எழும். இவற்றையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் மூவாயிரம் மூவாயிரமாக இராது. விவசாய அங்கத்தினருக்கும் இதே போல ஒன்று உண்டு. கிணற்று மோட்டாருக்குத் தரப்படும் இலவச மின்சாரம் பயிருக்கு. அதைக் கொண்டு வாடகை வீட்டுத் தொட்டியை நிரப்புவது விதி மீறல்.

இனி, விருந்தினர் வீட்டுக்கு வருவோம்.

மத்தூருக்கு யார் வருவார்? ஊட்டியைப் போலக் குளிருமில்லை, கடலுமில்லை. இதை மறைத்துப் பேசிப் பயனில்லை. ஆயினும் நம் ஊர் நிற்கும் இடம் ஒரு சொத்து. பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகத் திருவண்ணாமலை செல்லும் பாதை மத்தூரையும் ஊத்தங்கரையையும் கடந்தே போகிறது. பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்குப் போகும் குடும்பங்கள் இரவு பகலாக இவ்வழியே செல்கின்றன. பெரும்பாலோர் நிற்பதில்லை, நிற்க இடமில்லாததும் ஒரு காரணம். அடுத்தது மாம்பழம். மே முதல் ஜூலை வரை இப்பக்கத்துத் தோப்புகளில் செந்தூராவும் மல்கோவாவும் பங்கனப்பள்ளியும் பழுக்கின்றன. பெங்களூரா லாரி லாரியாகக் கூழ் ஆலைக்குச் செல்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்த குழந்தைக்குத் தொரட்டிக் கோலால் மாங்காய் பறித்துப் பார்ப்பது பெரிய காரியம். அதற்காக இரண்டு மணி நேரப் பிரயாணம் செய்யத் தயாராக உள்ள பெற்றோர் பெங்களூரில் இருக்கவே செய்வர். மூன்றாவது, நெசவு. இதைப் பற்றி ஒரு விநோதம் சொல்ல வேண்டும். தெலுங்கானாவில் உள்ள பூதான் போச்சம்பள்ளியின் சேலைகள் புகழ்பெற்றவை. 1951 ஏப்ரல் 18-ல் வினோபா பாவேக்கு நூறு ஏக்கர் நிலம் தானமாகக் கிடைத்து, பூதான இயக்கம் பிறந்த ஊர் அது. 2021-ல் ஐ.நா. சுற்றுலா அமைப்பு உலகின் சிறந்த சுற்றுலாக் கிராமங்களுள் ஒன்றாக அதைத் தேர்ந்தெடுத்தது. அப்பெயரைக் கேட்டு, நம் போச்சம்பள்ளியைத்தான் சொல்கிறார்கள் என்று மயங்குவோரும் உண்டு. மயங்கி வருபவருக்கும் காட்ட நம்மிடம் தறி இருக்கிறதல்லவா! இரவல் புகழ் வேண்டாம். ஆனால் நெசவுத் தெருவைப் பார்க்கவே ஜனங்கள் பிரயாணம் செய்கிறார்கள் என்பதற்கு அவ்வூர் சாட்சி. விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவதை அன்றாடம் காணும் நமக்கு அது வேலை. காணாதவருக்கு அது காட்சி.

வெளிநாட்டாரும் இத்தொழிலைக் கஷ்ட காலத்தில்தான் தொடங்கினர். பிரான்சில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலைநாட்டுக் கிராமங்களை விட்டு ஜனங்கள் நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வீடுகள் பாழாயின. எமில் ஓபேர் என்ற செனட் அங்கத்தினர், பண்ணை வீட்டைச் சீர்செய்து நகரத்துத் தொழிலாளர் குடும்பங்களுக்கு விடுமுறையில் வாடகைக்கு விட்டால் வீடும் பிழைக்கும், விவசாயியும் பிழைப்பான் என்று யோசித்தார். 1951-ல் ஷோடோல் என்னும் சிற்றூரில் அத்தகைய முதல் வீடு திறக்கப்பட்டது. 1955-ல் வீட்டுக்காரர்கள் சேர்ந்து தேசிய அளவில் ஒரு சம்மேளனம் அமைத்துக்கொண்டனர். இன்றும் அது நடந்து வருகிறது. ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுப்பது போல, வீடுகளின் தரத்துக்கு அச்சம்மேளனம் கதிர்களைச் சின்னமாகக் கொடுக்கிறது. கோதுமைக் கதிர்! விவசாயி நடத்தும் தொழில் என்பதை வாசற்பலகையிலேயே எழுதிவிட்டார்கள்.

இத்தாலியர் ஒரு படி மேலே சென்று அதைச் சட்டமாக்கினர். 1985-ல் இயற்றி 2006-ல் திருத்தி அமைத்த அவர்களது பண்ணை விருந்தோம்பல் சட்டப்படி, விவசாயமே முதன்மைத் தொழிலாக நீடிக்க வேண்டும். விருந்தினரைக் கவனிக்கச் செலவாகும் உழைப்பு, வயலில் செலவாகும் உழைப்பை மிஞ்சலாகாது. திராட்சைத் தோட்டத்தை வெட்டிவிட்டு நீச்சல் குளம் வெட்டுபவன் அச்சலுகையைக் கோர முடியாது. நமக்கும் இவ்விதி வேண்டும் என்பதே நம் துணிபு. சங்கத்தின் பெயரால் விருந்தினர் வீடு நடத்துபவர், தறி ஓட்டுபவராகவோ நிலத்தில் பாடுபடுபவராகவோ தொடர்ந்து இருக்க வேண்டும். இல்லாவிடில் நாலு வருஷத்தில் வீடுகள் யாவும் வெளியூர் முதலாளிகளின் குத்தகைக்குப் போய், அங்கத்தினர் தம் வீட்டிலேயே காவற்காரராக நிற்பார்.

ஜப்பானில், திராட்சைக்குப் பேர்போன அஜிமு என்னும் ஊர் விவசாயிகள் 1996-ல் தம் வீடுகளிலேயே விருந்தினரைத் தங்கவைக்கத் தொடங்கினர். நாடு முழுவதுக்கும் 2018 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டமோ, பதிவு செய்த வீட்டை வருஷத்துக்கு 180 நாளுக்கு மேல் இவ்விதம் விடலாகாது என்கிறது. நேபாளத்தில் சிருபாரி என்ற மலைக் கிராமம் 1997-ல் கைக்கொண்ட முறை நமக்கு மிகவும் பழக்கமானது. அங்கே விருந்தினர் தாமே வீட்டைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஊர்க் குழு முறை வைத்து, இன்று இவ்வீடு, நாளை அவ்வீடு என்று அனுப்புகிறது. நூல் பங்கிடுவதில் நம் சங்கங்கள் அனுசரிக்கும் முறைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வீட்டுக்கு என்ன வேண்டும் என்று பார்த்தால், நம்மவர் நினைப்பது போலக் குளிர்சாதனமும் மெத்தைக் கட்டிலும் அல்ல முதலில் வேண்டுவது. சுத்தமான, உள்ளே தாழிடக்கூடிய கழிவறை. இரவு முழுவதும் தண்ணீர். கொசு புகாத ஜன்னல். பூட்டும் சாவியும். வெளுத்த விரிப்பு. இவ்வைந்தும் இருந்தால் மற்றவற்றை விருந்தினர் பொறுத்துக்கொள்வார். இவற்றில் ஒன்று இல்லாவிட்டால் தேக்குக் கட்டில் போட்டும் பயனில்லை. செட்டிநாட்டில் அரண்மனை போன்ற வீடுகள் தங்கும் விடுதிகளாகி வெளிநாட்டாரை ஈர்க்கின்றன. அவற்றைப் பார்த்து நாம் ஏங்க வேண்டியதில்லை. ஓட்டு வீட்டுத் திண்ணையும் களியும் கீரைக் கடைசலும் கொண்ட வீட்டுக்கும் வருவார் உண்டு. மத்திய அரசின் சுற்றுலா அமைச்சகம் இத்தகைய வீடுகளைப் பதிவு செய்யும் திட்டத்தில், ஒன்று முதல் ஆறு அறைகள் வரை, பன்னிரண்டு படுக்கைக்கு மிகாமல் விடலாம் என்றும், வீட்டுக்காரர் குடும்பத்துடன் அதே வீட்டில் வசிக்க வேண்டும் என்றும் நிபந்தனை வைத்திருக்கிறது. உணவு கொடுப்பதாயின் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். வெளிநாட்டார் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் உரிய அதிகாரிக்குத் தகவல் அனுப்பியாக வேண்டும். இதில் அலட்சியம் காட்டுவது வம்பை விலைக்கு வாங்குவதாகும். மாந்தோப்புக்குள் வீடு உள்ளவர்கள் மருந்தடித்த நாட்களில் விருந்தினரை ஏற்காதிருப்பது நலம்.

வருமானத்தையும் மிகைப்படுத்த வேண்டாம். ஓர் அறைக்கு இருவேளை உணவுடன் இரவொன்றுக்கு ரூ. 1,200 என்றும், வருஷத்தில் 60 இரவு ஆள் வந்ததாகவும் வைத்துக்கொண்டால் ரூ. 72,000 வரவு. சமையல், சலவை, சுத்தம், மின்சாரம் ஆகியவற்றுக்குப் பாதி போகும். இணையத்தின் வழி ஆள் பிடித்துத் தரும் கம்பெனிக்கு நூற்றுக்கு 15 தரகு என்றால் அதற்கு ரூ. 10,800. மிச்சம் ரூ. 25,200. துணைத் தொழிலுக்கு இது தாழ்வன்று. ஆனால் தறியை விற்றுவிட்டு நம்பக்கூடிய தொகையுமன்று. அந்தத் தரகுத் தொகையைக் கவனியுங்கள். மிச்சத்தில் கிட்டத்தட்ட பாதியளவு அது. சங்கமே ஒரு தொலைபேசியும் ஒரு பதிவேடும் வைத்து விருந்தினரைப் பதிவு செய்தால் அத்தொகையில் பெரும் பகுதி ஊரிலேயே தங்கும்.

உழைப்பது யார் என்பதையும் பேசாமல் விடுவதற்கில்லை. விருந்தினர் வந்த நாளில் விடியுமுன் எழுந்து வாசல் தெளித்து, அடுப்பு மூட்டி, விரிப்பு மாற்றி, இரவு பாத்திரம் கழுவிப் படுப்பவள் வீட்டுப் பெண். பாவுக்கு நூல் சுற்றும் வேலையும் அவளுடையதே. கட்டணம் மட்டும் வீட்டுக்காரர் பையில் விழுவது முறையா? விருந்தினர் கட்டணத்தைக் குடும்பத் தலைவியின் பெயரில் உள்ள சங்கச் சேமிப்புக் கணக்கில் நேரே வரவு வைப்பது என்று தொடக்கத்திலேயே தீர்மானித்துவிட்டால் பிற்பாடு மனஸ்தாபம் நேராது. கேரளத்தில் 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள், 2008-ஐ ஒட்டிக் குமரகத்தில் அங்குள்ள ஹோட்டல்களுக்குக் காய்கறி விளைத்துத் தரும் பொறுப்பை ஏற்று நடத்திக் காட்டின. பணம் பெண்களின் குழுவுக்கு நேராக வந்ததால்தான் அவ்வேலை நிலைத்தது என்பது நம் கருத்து.

கசப்பான மற்றொரு விஷயம். வீடு கேட்டு வருபவரிடம் முதலில் எந்த ஊர் என்றும், அடுத்து “நீங்க என்ன ஆளுங்க?” என்றும் கேட்கும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. வடநாட்டுத் தொழிலாளர் என்றால் கேள்வியே இல்லாமல் கதவு சாத்தப்படுகிறது. அல்லது ஓர் அறையில் பத்துப் பேரை அடைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கப்படுகிறது. தனியார் தம் வீட்டில் என்ன செய்தாலும் செய்யட்டும் என்று சங்கம் இருந்துவிட முடியாது. சங்கத்தின் பதிவேட்டில் ஏறும் வீட்டுக்கு இந்தக் கேள்வி கூடாது. எல்லாருக்கும் திறந்த அங்கத்தினர் பதவி என்பது கூட்டுறவின் முதல் விதி. அவ்விதியால் அங்கத்தினரானவர் வீட்டு வாசலில் அதை மறப்பது பொருந்தாது. இவ்விஷயத்தில் சமரசம் செய்துகொள்ளும் வீட்டைப் பட்டியலிலிருந்து நீக்குவதே சரி.

சங்கம் செய்யக் கூடியது எது, கூடாதது எது? துணைவிதியில் இடமில்லாத காரியத்துக்குக் கடன் கொடுக்கலாகாது. அறை கட்டப் பயிர்க்கடன் பெயரில் பணம் வாங்குவதும், அதைத் தெரிந்தே கொடுப்பதும் தணிக்கையில் நிற்காது. துணைவிதியைத் திருத்த வேண்டுமெனில் 1983-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சங்கச் சட்டப்படி பொதுப் பேரவையைக் கூட்டித் தீர்மானம் நிறைவேற்றி, பதிவு பெற வேண்டும். அதற்கு அவசரமில்லை. சங்கங்களால் இத்தொழில் ஆகாது என்று எண்ணுவோருக்கு ஒன்று சொல்லலாம். 1925-ல் கேரளத்தில் கூலித் தொழிலாளர் சிலர் சேர்ந்து தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம், கோழிக்கோடு மாவட்டம் இரிங்கலில் 2011-ல் திறக்கப்பட்ட சர்காலயா என்ற கைவினைக் கிராமத்தை நிர்வகித்து வருகிறது. வேலை செய்யும் கைவினைஞரைப் பார்க்கவும் அவர்களிடமே வாங்கவும் பிரயாணிகள் அங்கு வருகிறார்கள்.

நம் சங்கங்கள் உடனே செய்யக்கூடியது சிறியது. விருப்பமுள்ள மூன்று வீடுகளை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பெண் அங்கத்தினர் உட்பட மூவர் கொண்ட குழு வீடுகளைப் பார்வையிடட்டும். கட்டணம் மூன்றுக்கும் ஒன்றே. விருந்தினர் முறை வைத்து. மாத வாடகைக்கு விடுபவருக்கும் சங்கம் ஓர் உதவி செய்யலாம்: எழுத்து மூலமான ஒப்பந்தப் படிவம் ஒன்றை அச்சிட்டு வைத்துக் கொடுக்கலாம். 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையே ஆதாரமாகக் கொண்டது. வாய்ப்பேச்சில் வாங்கிய முன்பணத்தால் எழும் வழக்குகளை நாம் பார்த்தவரை, வாடகைக்காரரைப் போலவே வீட்டுக்காரருக்கும் காகிதமே காவல்.

நெசவாளர் சங்கத்துக்கு இதில் வேறொரு வியாபாரமும் அடங்கியிருக்கிறது. மூன்று வீடுகளுக்கும் விரிப்பு, போர்வை, துவாலை எல்லாம் நம் தறியில் நெய்தவையாகவே இருக்கட்டும். விருந்தினர் இரவில் போர்த்திய போர்வையைக் காலையில் விலைக்குக் கேட்பது உலகத்தில் நடக்கக் கூடியதே. விலைச்சீட்டும் இருப்பும் சங்கத்தில் தயாராக இருக்க வேண்டும். பதிவேட்டில் தேதி, விருந்தினர் பெயர், ஊர், அடையாள அட்டை எண், வீட்டின் எண், இரவுகள், உணவு, பெற்ற தொகை, ரசீது எண், சங்கத்தில் வாங்கிய துணி, குறைகள் ஆகிய பத்திகள் போதும். குறைகள் பத்தியை விருந்தினர் கையாலேயே எழுதவைக்க வேண்டும். மாதம் ஐந்தாம் தேதிக்குள் தொகை அந்தந்த வீட்டுக் கணக்கில் ஏறிவிட வேண்டும். பூ பிடித்துக் காய் திரளும் இக்காலத்திலேயே மூன்று வீடுகளுக்கும் வெள்ளை அடித்து, கழிவறைக் கதவுக்குத் தாழ் போட்டு, விரிப்புக்கான பாவைத் தறியில் ஏற்றிவிட்டால், செந்தூரா பழுக்கும் மாதத்துப் பௌர்ணமி வாரத்துக்கு அப்பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திறந்துவிடலாம்.